‘எந்திரியாதீய’ என்னும் ஒரு முழச் சுருட்டுக்காக

ஜன்னல் வழியே சாரல் தூவும் இந்த மண்டபத்துச் சபைக்குத் தலைமை ஏற்றிருப்பவரும், தென்காசி ஜவுளி வணிகத்தின் தலைமகனும், நமது கொட்டகைக்கு இடம் தந்த கொடையாளருமான உயர்திரு மசூது ராவுத்தர் அவர்களே! தீர்மானத்தை எதிர்த்து எனக்கு முன்னே இடிபோல் முழங்கி, இறங்கும்போது என் தோளில் தட்டிவிட்டுச் சென்ற பெருந்தன்மையாளர் அருமைநாயகம் சார் அவர்களே! கீழப்பாவூரிலிருந்து வந்து, கடைசி வரிசைக்கும் கதவுக்கும் நடுவே ஒதுங்கி நிற்கும், நமக்கெல்லாம் சுருட்டுச் செய்து தரும் கைவல்லார் அய்யாக்குட்டி அவர்களே! அவருடைய வாழ்க்கைத் துணைவியார் தங்கபுஷ்பம் அம்மையார் அவர்களே! வீரகேரளம்புதூரிலிருந்து வில்வண்டி கட்டி வந்திருக்கும் பெரியோர்களே! வலப்பக்கம் வீற்றிருக்கும் தாய்மார்களே! சுருட்டுப் பிடிக்கும் தாய்மார்களே, பிடிப்பவர்களைப் பொறுத்துக்கொள்ளும் தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் தூணோரம் அமர்ந்திருக்கும் நல்லகண்ணு அண்ணாச்சி அவர்களே! வராதவர்கள் நீங்கலாக வந்திருக்கும் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பேசத் தெரிந்தவர்கள் பேசவேண்டிய இடத்தில், எழுத மட்டுமே தெரிந்த ஒருவன் வந்து நிற்கிறேன். முப்பத்தோராண்டுகள் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பிறர் சொன்னதை எழுதினேன். ஒன்பது ஆண்டுகளாக இந்தச் சுருட்டு அன்பர் கழகத்தில் பிறர் பேசியதை எழுதுகிறேன். குற்றாலிங்கம் என்ற என் பெயர் கூட்டக் குறிப்பின் அடியில் இருக்கும்; மேலே ஒருநாளும் இருந்ததில்லை.

என்ன ஐயா? கை நடுங்குகிறதா? ஆம், நடுங்குகிறது. மின்விசிறிக் காற்றில் காகிதம் ஆடுகிறது என்று சொல்லலாமா எனப் பார்த்தேன். விசிறி ஓடவில்லை.

அன்பர்களே! இன்று நம் முன் உள்ள தீர்மானம் சிறியது. சென்ற மாதம் நாம் சோதித்துத் தள்ளிய ஒரு சுருட்டை மீண்டும் பட்டியலில் ஏற்பதா, வேண்டாமா? ஏற்றால், செய்தவர் வீட்டில் வைத்த பெயராலேயே ஏற்பதா? இவ்வளவுதான். ஆனால் இந்தச் சிறிய தீர்மானத்துக்குள்ளே ஒரு பெரிய மனிதரின் நாற்காலி இருக்கிறது. இது தோற்றால், ஒன்பது ஆண்டுகள் நம்மோடு அமர்ந்த ஒருவர் இனி நம்மோடு அமர முடியாது. அதனால்தான் இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் ஆண்டுச் சாரலில், அறுபத்தாறாம் வயதில், முதன்முதலாக மேடை ஏறியிருக்கிறேன்.

எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். பொறுத்தருள வேண்டும்.

நம் கழகம் எப்படித் தோன்றியது? அரசாணையாலா? அறக்கட்டளையாலா? இல்லை, அருவியால் தோன்றியது. ஐந்தருவிப் பாதையில், குளித்துவிட்டு வந்தவர்கள் தலையைத் துவட்டிக்கொண்டே ஒருவரிடம் ஒருவர் நெருப்புக் கேட்டார்கள். நெருப்புக் கேட்டவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் பேசினார்கள். பேசினவர்களுக்கு மழையில் நனையாமலிருக்க ராவுத்தர் அவர்கள் கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். நான்கு பக்கமும் திறந்த கொட்டகை. புகை போக வழியும் உண்டு, பேச்சு வர வழியும் உண்டு. சாதி கேட்காத நெருப்பு, சமயம் கேட்காத புகை, சந்தனம் பூசியவரும் சிலுவை அணிந்தவரும் தொப்பி வைத்தவரும் சாய்ந்துகொள்ள ஒரே பெஞ்சு. இப்படித்தான் தோன்றியது.

(நன்றி, நன்றி. கைதட்டல் வரும் என்று நான் குறித்து வைத்தது அடுத்த பக்கத்தில். முன்கூட்டியே வந்ததற்கு நன்றி.)

அந்தக் கழகத்துக்கு விதிகள் எழுதியவன் நான். பதினான்கு விதிகள். அவற்றில் ஏழாவது விதி உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ‘கையில் எரியும் சுருட்டு உள்ளவரே கொட்டகையில் அமரலாம். சுருட்டு அணைந்தால் எழுந்துவிட வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு சுருட்டு. பட்டியலில் உள்ள சுருட்டாக இருக்க வேண்டும்.’ கண்டிப்பான கழகம் என்று ஊரெல்லாம் நம்மைப் புகழ்கிறது. முக்கால் மணி நேரம். சுருட்டு முடிந்தது, பேச்சு முடிந்தது, துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தோம். எத்தனை ஒழுங்கு!

அந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒன்பது ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாததை இன்று சொல்கிறேன். ஐம்பதாம் ஆண்டுச் சாரலில் வெளியூர்க்காரர் ஒருவர் கொட்டகைக்கு வந்தார். சுருட்டுப் பிடிக்கமாட்டார். ஆனால் உட்கார்ந்துவிடுவார். தம் வீட்டு வழக்கு, தம் மைத்துனர் வீட்டு வழக்கு, தம் மைத்துனருக்கு மைத்துனர் வீட்டு வழக்கு, எல்லாம் சொல்லுவார். அவரை எழுந்து போகச் சொல்லும் பொறுப்பு செயலாளர் என்று என்னிடம் வந்தது. எனக்கு அந்தத் தைரியம் இல்லை. ஒருவரைப் பார்த்து ‘எழுந்திருங்கள்’ என்று சொல்ல வாய் வராதவன், எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி எழுதிப் பலகையில் ஒட்டினேன். அதைப் படித்துவிட்டு அவர் போய்விட்டார். மீண்டும் வரவேயில்லை.

அவர் போய்விட்டார், விதி போகவில்லை. ஒரு கோழையின் ஒருநாள் அச்சம், ஒன்பது ஆண்டுகள் ஒழுக்கம் என்ற பெயரில் உயிர் வாழ்ந்தது.

இனி நல்லகண்ணு அண்ணாச்சியைப் பற்றி. தென்காசி ரயில் நிலையத்தில் கொடி காட்டியும் தண்டவாளம் மாற்றியும் முப்பதாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர் என்பது வெளியூர் அன்பர்களுக்காக. உள்ளூர் அன்பர்களுக்கு அவர் யார்? நம் கொட்டகையின் குரல். ஆரியங்காவுக் குகைக்குள் ரயில் நின்றுபோனபோது, இருட்டில் ஒரு கல்யாணக் கோஷ்டி மாப்பிள்ளையைத் தேடிய கதையை அவர் வாயால் எத்தனை முறை கேட்டிருப்போம்? பதினோரு முறை. குறிப்பில் இருக்கிறது. பதினோரு முறையும் மாப்பிள்ளை வேறுவேறு இடத்தில் அகப்பட்டிருக்கிறார். அதுவும் குறிப்பில் இருக்கிறது. யாராவது குறை சொன்னோமா? அவர் பேசினால் அருவியும் கொஞ்சம் அடங்கிக் கேட்பதுபோல் இருக்கும். அவர் சுருட்டு முடியும் சமயம் பார்த்து, நாமெல்லாம் நம் சுருட்டை மெதுவாக இழுப்போம், அவருடையதும் மெதுவாக எரியட்டும் என்று.

இந்த ஆண்டு ஆனி மாதம் சாரல் தொடங்கியது. அண்ணாச்சி வந்தார். சுருட்டைப் பற்ற வைத்தார். பத்தே நிமிடத்தில் எழுந்தார். ‘சோலி கெடக்குவே’ என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் பன்னிரண்டு நிமிடம். அதற்கு மறுநாள் ஒன்பது. நான் என்ன செய்தேன்? வருகைப் பதிவேட்டில் எழுதினேன். வந்த நேரம், எழுந்த நேரம். நாள் தவறாமல் எழுதினேன், பிழையில்லாமல் எழுதினேன். ஏன் என்று ஒரு நாள் கேட்டேனா? கேட்கவில்லை.

இந்த நேரத்தில்தான் அந்தச் சுருட்டு வந்தது.

உங்களில் பலர் அன்று இருந்தீர்கள். ஆடி மாதச் சோதனைக் கூட்டம். அய்யாக்குட்டி துண்டுக்குள் சுற்றி எதையோ கொண்டுவந்தார். நாதஸ்வரக்காரர் யாரோ தவறி வந்துவிட்டார் என்று ராவுத்தர் அவர்களே நினைத்தார்களாம். பிரித்தால் சுருட்டு! நான் அளந்தேன். பதினேழரை அங்குலம். என் அளவில் எனக்கு எப்போதும் ஐயம் உண்டாகையால் மீண்டும் அளந்தேன், பதினேழு. மூன்றாம் முறை அளந்தேன்; பதினேழரை. பருமன், கைக்குழந்தையின் மணிக்கட்டுப் பருமன்.

பார்த்தவர்கள் எல்லோருக்கும் பெயர் வைக்க ஆசை வந்துவிட்டது. ‘கும்பகர்ணன்’ என்றார் அருமைநாயகம் சார். ‘மதயானை’ என்றார்கள் நம் தலைவர். புளியரைப் பக்கத்து அன்பர் ஒருவர், ‘இதுக்குப் பேரு வைக்கதுக்கு முன்னால காது குத்தணும்’ என்றார். கொட்டகை கொல்லென்று சிரித்தது.

பற்ற வைத்தோம். சோதனையாளர் ஐவரும் இழுத்தோம். புகை வந்ததா? வரவில்லை. கன்னம் குழிந்தது, கண் பிதுங்கியது, புகை வரவில்லை. அருமைநாயகம் சார் அதை வாயிலிருந்து எடுத்து, ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார், ‘ஏ அய்யாக்குட்டி, இது சுருட்டா, இல்ல அரிக்கேன் விளக்குக்குத் திரி போட்டுக் கொண்டாந்திருக்கியா?’

மீண்டும் சிரித்தோம். அய்யாக்குட்டி சிரிக்கவில்லை. என்ன பெயர் என்று தலைவர் கேட்டார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், ‘எந்திரியாதீய.’ எழுந்திருக்காதீர்கள் என்பதற்கு எங்கள் பக்கத்துப் பேச்சு, வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்.

அன்று எழுந்த சிரிப்பை எழுத என் பேனாவுக்கு வலிமை இல்லை. ‘யாரும் எந்திரிக்கலியே’ என்றார் ஒருவர். ‘எந்திரியாதீய ஒண்ணு குடுங்கன்னு கடையில போய்க் கேட்டா, கடைக்காரன் நம்மளப் பிடிச்சுக் கட்டிப் போடுவானேப்பா’ என்றார் அருமைநாயகம் சார். ‘பேருன்னா ஒரு கம்பீரம் வேண்டாமா? சிங்கம், புலி, ராஜா, ராணி, எத்தனை இருக்கு. விருந்தாளிகிட்டச் சொல்லுத வார்த்தையக் கொண்டாந்து வைப்பாகளா?’

அய்யாக்குட்டி எதிர்வாதம் செய்யவில்லை, விளக்கம் தரவில்லை. ‘சரிங்க சார்’ என்று மட்டும் சொன்னார். சோதனை முடிந்ததும் துண்டை எடுத்துக்கொண்டு நடந்தார். சுருட்டு தள்ளப்பட்டது. அதோடு நின்றதா? ‘அய்யாக்குட்டிக்குக் கை கெட்டுப் போச்சு’ என்று பேச்சுக் கிளம்பியது. பதினெட்டு ஆண்டுகள் பதமாய் இலை மடித்த கைக்குப் பத்தே நாளில் பழி வந்தது. பழியை முதலில் சொன்னது யார்? தெரியாது. மறுத்தது யார்? யாருமில்லை. நானும்தான்.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். அன்று நான் எழுதிய சோதனைக் குறிப்பைப் படிக்கிறேன். ‘இழுப்பு: இல்லை. மணம்: சுமார். சுவை: அறிய இயலவில்லை. அணைதல்: இல்லை. நான்கு மணி பத்து நிமிடத்துக்குப் பற்ற வைத்து, ஐவரும் இழுத்துப் பார்த்த பின் யாரும் வாயில் வைக்காமல் பெஞ்சின் ஓரத்தில் சாய்த்து வைத்த நிலையிலும், ஏழு மணி வரை எரிந்துகொண்டிருந்தது.’

கேட்டீர்களா? யாரும் இழுக்காமல் ஏறக்குறைய மூன்று மணி நேரம்! அன்பர்களே, சுருட்டறிந்த சான்றோர்களே, நீங்களே சொல்லுங்கள். இழுக்காத சுருட்டு எத்தனை நிமிடம் எரியும்? ‘பத்து நிமிசம்’ என்கிறார் பின்வரிசைப் பெரியவர். ஆம் ஐயா, பத்து நிமிடம். இங்கே சாரல் ஈரத்தில் சிலநாள் ஒன்பது, சிலநாள் பன்னிரண்டு.

பத்து, பன்னிரண்டு, ஒன்பது. இதே எண்கள் என் வருகைப் பதிவேட்டில் நல்லகண்ணு அண்ணாச்சியின் பெயருக்கு நேரே இருந்தன. இரண்டு ஏடும் என் கையெழுத்து. இரண்டும் ஒரே பெட்டியில். ஒன்றை ஒன்று பார்க்க வைக்க எனக்கு இருபத்திரண்டு நாட்கள் ஆயின. போன வியாழக்கிழமை மத்தியானம், கூட்டத்துக்கு ஆண்டறிக்கை எழுத உட்கார்ந்தபோது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். பேனாவைக் கீழே வைத்தேன். மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன்.

அவர் முற்றத்தில் உட்கார்ந்து ரேடியோப் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ‘என்னவே, நோட்டுப் புஸ்தகத்தோட வந்திருக்கீரு? என் பேருல வாரண்டு கீரண்டு உண்டுமா?’ என்றார். நான் சுற்றி வளைத்தேன். மழையைப் பற்றிப் பேசினேன். மலையைப் பற்றிப் பேசினேன். மாம்பழத்தைப் பற்றியும் பேசினேன். கடைசியில் அவரே, ‘கேக்க வந்ததக் கேளும்வே, பஸ்ஸுக்கு நேரமாவுது’ என்றார். கேட்டேன்.

மாசி மாதம் முதலே இருமல். மருத்துவர் நெஞ்சைச் சோதித்து, இனி ஒரு வாய் புகையும் உள்ளே போகக்கூடாது என்றிருக்கிறார். திறந்த வெளியில் காற்று வரும் பக்கம் நண்பர்களோடு உட்கார்ந்து பேசத் தடையில்லை என்றும் சொல்லியிருக்கிறார். அண்ணாச்சி சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறேன்.

‘சுருட்ட விடுதது பெரிசில்லவே. முப்பது வருசம் ரயிலுக்கே செவப்புக் கொடி காட்டினவன், ஒரு பழக்கத்துக்குக் காட்ட முடியாதா? காட்டிட்டேன். ஆனா நாலு மணியானா காலு தன்னால குத்தாலம் பஸ்ஸுல ஏறுது. அதுக்கு எந்தக் கொடியக் காட்ட? அதான் வாறேன். பத்த வச்சு, கையில பிடிச்சுக்கிட்டு, அது அணையுத மட்டும் உக்காருதேன். அணைஞ்சா எந்திரிக்கேன். விதின்னா விதிதான?’

அவையோரே! ஒன்பது ஆண்டுகளில் என் ஏழாவது விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவர் அவர் ஒருவரே. அந்த விதி அவரைத்தான் எழுப்பிவிட்டது.

‘அண்ணாச்சி, ஒங்களுக்கு மட்டும் ஒரு விலக்குத் தீர்மானம் கொண்டு வந்துருதேன், இல்லாட்டி விதியையே எடுத்துருதேன்’ என்றேன். அவர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

‘எடுத்தீருன்னா நான் அங்கன வரவே மாட்டேன். விலக்குன்னா நான் சீக்காளி. இருமுனா நாலு பேரு திரும்பிப் பாப்பான். கையில நெருப்போட உக்காந்தா நான் ஒங்கள்ல ஒருத்தன். புரியுதாவே?’

புரிந்தது. அப்படியானால் அந்தப் பெரிய சுருட்டு? யாருக்காகச் செய்யப்பட்டது என்று அவருக்குத் தெரியுமா? கேட்டேன். அவர் ரேடியோப் பெட்டியின் மூடியை எடுத்து மூடினார்.

‘அன்னைக்கு அது பெஞ்சு மேல தன்னால எரியுததப் பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு. அந்தப் பய எனக்காண்டிதான் செஞ்சிருக்கான். ஆனா நீங்க அத்தன பேரும் சிரிக்கயில, நானும் சேந்துல்லா சிரிச்சேன். சிரிக்காட்டி எல்லாருக்கும் தெரிஞ்சுருமே. இப்ப அவன் கை கெட்டுப்போச்சுன்னு பேசுதானுவ. அது பொய்யி. அதுக்காண்டி வேணும்னா கூட்டத்துல எந்திரிச்சுப் பேசும். என் சீக்கையும் சேத்துச் சொல்லும், பரவால்ல. ஆனா அழுது வச்சிராதீரும்.’

அண்ணாச்சி, நான் அழவில்லை. கண்ணாடியைத் துடைக்கிறேன். சாரல்.

அன்று மாலையே கீழப்பாவூருக்குப் பஸ் ஏறினேன். அய்யாக்குட்டி என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். இன்னும் ஏதாவது குறை சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை, தங்கபுஷ்பம் அம்மையார் சொன்னார்கள். கொட்டகையில் நாம் போட்டுவிட்டுப் போகும் அடிக்கட்டைகளை அய்யாக்குட்டி பொறுக்கிப் பார்ப்பாராம். எங்கே எரிந்தது, எங்கே எரியவில்லை, எந்தப் பக்கம் இலை பிரிந்தது என்று பார்ப்பாராம். இது அவர் தொழில் செய்யும் முறை. பதினெட்டு ஆண்டுகளாகப் பார்க்கிறார், நமக்குத் தெரியாது. இந்த ஆனியில், தினம் ஒரு சுருட்டு ஒரு விரற்கடை மட்டும் எரிந்து கிடந்தது. மறுமுனையில் பல் தடம் இல்லை. எச்சில் ஈரமும் இல்லை.

‘அஞ்சு நாளு, அஞ்சு சுருட்டு. அஞ்சும் வாயே வைக்காதது. இவுகளுக்குச் சோறு எறங்கல. நம்ம கையிலதான் ஏதோ குத்தம், வாயில வைக்கவே புடிக்கலன்னு நெனச்சுக்கிட்டாக. பொறவு ஆறாம் நாளு மரத்தடியில நின்னு பாத்திருக்காக. ரயிலுக்கார அண்ணாச்சி கையில பிடிச்சிருக்காக, வாயில வைக்கல, இருமுதாக, அணைஞ்ச ஒடனே எந்திரிச்சுப் போறாக. வந்து சொன்னாக. அன்னைலருந்து முறுக்க ஆரம்பிச்சாக’ என்றார்கள் அம்மையார்.

உள்ளிலையைக் கயிறாக முறுக்கி, நடுவே ஓடவிட்டு, மேலிலையை மூன்று சுற்று இறுக்கி, இழுக்காமலே எரிகிற ஒரு சுருட்டு. பதினேழு கெட்டு, பதினெட்டாவது நின்றது. நாம் என்ன சொன்னோம்? புகை வரவில்லை என்றோம். புகை வரக்கூடாது என்பதற்காகவே செய்த சுருட்டிடம் புகை எங்கே என்று கேட்டோம்! நீளம் அதிகம் என்றோம். நீளம் அல்ல ஐயா, அது நேரம்! ஒரு மனிதருக்கு மாலைப் பொழுதை முழுதாக மீட்டுத் தர எத்தனை அங்குலம் வேண்டும் என்று கணக்கிட்டு முறுக்கிய நேரம்.

பெயரை வைத்தது யார் என்று கேட்டேன். அம்மையார் சிரித்தார்கள். ‘நாந்தான். இவுகளுக்குப் பேரு வைக்கத் தெரியல. நம்ம வீட்டுக்கு ஒரு ஆளு வந்து, காப்பித் தண்ணியக் குடிச்சுட்டு எந்திரிக்கப் போனா என்ன சொல்லுவோம்? அதத்தான் வைக்கச் சொன்னேன்.’

ஏன் அன்றே கொட்டகையில் இதைச் சொல்லவில்லை என்று அய்யாக்குட்டியைக் கேட்டேன். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவர் வாய் திறந்தார். ‘அண்ணாச்சி மறைச்சு வச்சிருக்கத நான் எப்பிடிய்யா சொல்ல?’

தன் கைக்கு வந்த பழியைத் தாங்கினார். பிறர் மறைவைக் காத்தார். இதைவிட ஒரு கம்பீரத்தை எந்தச் சிங்கத்தில் தேடுவது? எந்த மதயானையில் தேடுவது?

அருமைநாயகம் சார் அவர்களே, உங்கள் வாதங்கள் இரண்டு. பிடிக்க முடியாதது சுருட்டாகாது என்றீர்கள். நான் எழுதியவரை, பிடிப்பதற்கு என்று நம் விதியில் ஓரிடத்திலும் இல்லை. ‘கையில் எரியும் சுருட்டு’ என்றுதான் இருக்கிறது. கை என்று எழுதினேன், வாய் என்று எழுதவில்லை. அன்று அறியாமல் எழுதியதுதான். ஆனாலும் எழுதியது எழுதியதுதான். பெயரில் கம்பீரம் இல்லை என்பது இரண்டாம் வாதம். ஐயா, நீங்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர். பழைய மாணவர் வீட்டுக்குப் போகிறீர்கள். புறப்பட எழுகிறீர்கள். ‘சிங்கம்’ என்று சொல்லி வழியனுப்பினால் உங்கள் மனம் குளிருமா? அந்த வீட்டுப் பெண்மணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, ‘எந்திரியாதீய சார், அதுக்குள்ள என்ன?’ என்றால் குளிருமா?

பதில் வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்த்தேன், போதும்.

நெல்லைச் சீமையிலே நாம் எத்தனையோ சொற்களைச் சேர்த்து வைத்திருக்கிறோம். ‘வாங்க’ என்பது வாசலோடு நின்றுவிடும். ‘சாப்பிடுங்க’ என்பது இலையோடு முடிந்துவிடும். கையலம்பிய பின்னும், கதை தீர்ந்த பின்னும், காரணம் எதுவும் இல்லாமல், நீங்கள் இருந்தால் போதும் என்று சொல்லுகிற சொல் ஒன்றுதான் உண்டு. அந்தச் சொல்லை ஒரு தாய் ஒரு சுருட்டுக்குத் தந்திருக்கிறாள். அதைத் தள்ளுவதா? தாங்குவதா?

இனி வாக்கெடுப்பு. தலைவர் அவர்களே, வாக்கெடுக்கும் முறையைச் செயலாளர் முன்மொழியலாம் என்பது பதினோராவது விதி. அதை எதற்காக எழுதினேன் என்று இதுவரை எனக்கே விளங்கவில்லை, இன்று விளங்குகிறது. வழக்கமாக ஆதரிப்போர் எழுந்து நிற்பார்கள். இன்று மாற்றிக் கேட்கிறேன். எதிர்ப்பவர்கள் எழுந்து நில்லுங்கள். ஆதரிப்பவர்கள் எழ வேண்டாம். இருந்த இடத்தில், இருந்தபடி, இருங்கள். தலைவர் தலையசைக்கிறார்கள். என் கடிகாரத்தில் ஒரு நிமிடம்.

அருமைநாயகம் சார் அசைகிறார்கள். இல்லை, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தார்கள். இன்னும் அமர்ந்துதான் இருக்கிறார்கள். வீரகேரளம்புதூர்ப் பெரியோர்கள் அமர்ந்திருக்கிறார்கள். தாய்மார்கள் அமர்ந்திருக்கிறார்கள். கதவோரம் அய்யாக்குட்டிக்கு யாரோ பெஞ்சில் இடம் கொடுத்து அவரையும் உட்கார்த்திவிட்டார்கள். அரை நிமிடம் ஆயிற்று. முக்கால்.

ஐயோ, அண்ணாச்சி! நல்லகண்ணு அண்ணாச்சி எழுகிறார்களே! கும்பிட்டு நன்றி சொல்ல எழுகிறார்கள் போலிருக்கிறது. அண்ணாச்சி, எழுந்தால் எதிர்ப்பு என்று கணக்காகிவிடும், தயவுசெய்து...

ஆகா.

அவையோரே, கூட்டக் குறிப்பில் பதிய வேண்டும் என்பதற்காக நீங்கள் சொன்னதையே திருப்பிச் சொல்கிறேன். முதலில் சொன்னவர் அருமைநாயகம் சார். கையை நீட்டி, அண்ணாச்சியின் தோளை அழுத்தி, ‘எந்திரியாதீய அண்ணாச்சி’ என்றார்கள். அடுத்துச் சொன்னது மூன்றாம் வரிசை. அதன்பின் சொன்னது இந்த மண்டபம். தாய்மார்கள் பக்கத்திலிருந்து வந்ததுதான் எல்லாவற்றிலும் உரக்க இருந்தது. சென்ற மாதம் எந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்தோமோ, அந்தப் பெயரை இன்று முந்நூறு வாய் ஒன்றாகச் சொல்லிவிட்டது. பெயர்சூட்டு விழா முடிந்தது ஐயா. காது குத்தத் தேவையில்லை.

அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார்கள். நிமிடமும் முடிந்தது. எழுதிக்கொள்கிறேன்: ‘எழுந்து நின்றவர்: ஒருவருமில்லை.’

நாளை நாலு மணி பஸ்ஸில் அண்ணாச்சி வருவார்கள். காற்று வரும் பக்கத்து இடம் அவர்களுக்கு. கையில் ஒரு முழ நெருப்பு இருக்கும். ஆரியங்காவு மாப்பிள்ளை பன்னிரண்டாம் முறை எங்கே அகப்படுகிறார் என்று பார்ப்போம். நானும் இருப்பேன், பதிவேட்டை வீட்டில் வைத்துவிட்டு வருவேன்.

கேட்கத் தயங்கியவனைப் பேச வைத்த அண்ணாச்சிக்கும், பேசாமலே எல்லாம் செய்த அய்யாக்குட்டிக்கும், பெயர் தந்த தாய்க்கும், தோற்றும் முதல் குரல் கொடுத்த அருமைநாயகம் சாருக்கும், என் நடுக்கத்தைப் பொறுத்த தலைவருக்கும், சாரலில் நனைந்தும் கலையாத உங்கள் அனைவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்.

இந்த மண்டபத்திலே நின்றுகொண்டிருப்பவன் நான் ஒருவன்தான். உங்கள் அனுமதியோடு நானும் உட்கார்ந்துகொள்கிறேன்.